பீரங்கியார் வீட்டு அழுங்கு

செந்தமிழ்ச்செல்வி கல்யாணமாகி நெடுங்கால்பட்டுக்கு வந்த அன்று, விளக்கேற்றுவதற்கு முன்பே ஒரு கல் குண்டின் முன்னால் அவளை விழுந்து கும்பிடச் சொன்னார்கள். பூசை அறையில் சாமி படங்களுக்கு நடுவே, மஞ்சள் துணி விரித்த பலகையின்மேல் அது இருந்தது. சின்னப் பூசணிக்காய் அளவு. எண்ணெய் பூசிப் பூசிக் கறுத்துப் போயிருந்தது. அந்தக் குடும்பத்தின் முன்னோர் திருமேனி என்பவர் நவாபு காலத்தில் மலையடிவாரத்தில் ஒற்றைப் பீரங்கியை வைத்துக்கொண்டு ஒரு படையையே விரட்டினார் என்றும், சுட்டது போக மிஞ்சிய குண்டு இது ஒன்றுதான் என்றும் அவள் கணவனுடைய அண்ணன் அரங்கநாதன் விளக்கினார். அதனால்தான் ஊரில் அவர்களுக்குப் பீரங்கியார் வீடு என்று பேர்.

செல்வி கும்பிட்டு எழுந்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"குண்டு இங்க இருக்குது. பீரங்கி எங்க மாமா?" என்று கேட்டாள்.

விஷமமாகக் கேட்கவில்லை. இருபத்திரண்டு வயது, தெரிந்துகொள்ளும் ஆசை, அவ்வளவுதான். ஆனால் பூசை அறையில் ஊதுவத்திப் புகைகூட அசையாமல் நின்ற மாதிரி ஆகிவிட்டது. அரங்கநாதனின் மனைவி தங்கமணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "உளுந்தூர்பேட்டை ரோட்ல டீக்கடை போட்டவரு பொண்ணு. லாரிக்காரங்க பேச்சக் கேட்டு வளந்துது. வாயி அப்டித்தான் இருக்கும்."

அது நடந்தது தொண்ணூற்றாறில். அந்த ஒரு கேள்விக்கு அந்த வீடு செல்வியை மன்னிக்கவே இல்லை. அவளும் பதில் வராததை மறக்கவில்லை.

வீடு ஒன்றாகத்தான் இருந்தது. ஒரே அடுப்பு, ஒரே கிணறு. கோமுகி அணைத் தண்ணீர் பாயும் கரும்பு நிலம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. ஆனால் எந்த மடை எப்போது திறக்கும் என்பதிலிருந்து சாம்பாரில் எத்தனை மிளகாய் என்பது வரை அரங்கநாதன் சொன்னதே சட்டம். அவள் கணவன் அன்புச்செல்வன் அண்ணன் பேச்சை மீறாதவன். யாரையும் அதட்டாத, யாரோடும் சண்டைக்குப் போகாத மனிதன். தன் மனைவிக்காகவும் போகாதவன்.

ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டு அன்று ஏரிக்கரையில் இருக்கும் திருமேனி கல்லுக்குப் படையல் நடக்கும். அரங்கநாதன் மைக்கைப் பிடித்துக் குடும்பக் கதையைச் சொல்வார். செல்வி கேட்ட முதல் வருடம் எதிரிகள் நானூறு பேர். நாலைந்து வருடத்தில் எழுநூறானார்கள். அணையில் தண்ணீர் நிரம்பி வழிந்த ஒரு வருடம் உற்சாகத்தில் ஆயிரத்து ஐந்நூறாகிவிட்டார்கள்.

"இன்னாங்க, நவாபு செத்து எரநூறு வருசம் ஆவுது. அவரு படை மட்டும் எப்டி ஜாஸ்தியாவுது?" என்று வீடு திரும்பும்போது கணவனிடம் கேட்டாள்.

"அண்ணன் சொல்லுது, சொல்லிட்டுப் போவுட்டும். ஒனக்கின்னா நஷ்டம்" என்றான் அவன்.

முன்னால் நடந்துகொண்டிருந்த தங்கமணியின் காதில் அது விழுந்தது. மறுநாள் காலை செல்வியின் காப்பியில் சர்க்கரை இல்லை. ஒரு வாரம் அப்படியே வந்தது. செல்வி கேட்கவும் இல்லை, தானே எடுத்துப் போட்டுக்கொள்ளவும் இல்லை. அந்த வீட்டுச் சண்டைகள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தன.

இரண்டாயிரத்து எட்டில் அவளுக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையையும் தாண்டி ஒரு சின்னப் பள்ளிக்கூடம். காலையில் கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறினால் வளைவு வளைவாகச் சுற்றிக்கொண்டு மேலே போகும். "மலைக்காரங்களுக்குச் சோறு போடப் போறியா, பீரங்கியார் வூட்டு மருமவ" என்று அரங்கநாதன் தடுத்துப் பார்த்தார். அவள் போனாள். பத்து வருடம் போனாள். பஸ் முதல் வளைவில் திரும்பும்போது வீடும் கரும்பும் கண்ணுக்கு மறையும். அந்த இடத்தில் தினமும் ஒரு பெருமூச்சு விடுவாள் என்று அவளே பிறகு சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சமைத்த பெண்ணின் கணவர் சடையன். மரவள்ளியும் சாமையும் போடுகிறவர். பள்ளிக்கு விறகு கொண்டு வருவார். ஒரு நாள் மதியம் சாப்பாடு முடிந்த நேரத்தில் பின்பக்கக் கரையான் புற்றருகே பிள்ளைகள் கூடிக் கத்தினார்கள். செல்வி ஓடிப் போய்ப் பார்த்தாள். உடம்பெல்லாம் செதில், மண் நிறம், கீரியைவிடப் பெரிய ஒரு பிராணி. எறும்புத்தின்னி என்று பாடப் புத்தகத்தில் படத்தோடு இருக்குமே, அது. பகலில் அது வெளியே வருவது அபூர்வம். யாரோ ஒரு பிள்ளை மண்ணாங்கட்டியை எறிய, அது தலையை வயிற்றுக்குள் செருகி, வாலால் மூடி, உருண்டையாகச் சுருண்டது. சரிவான இடம். மெதுவாக உருளத் தொடங்கி, வேகம் பிடித்து, சருகையும் கல்லையும் கலைத்துக்கொண்டு கீழே ஓடைப் பள்ளத்தில் போய் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து தன் வழியே போனது.

சடையன் விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "அழுங்கு டீச்சரம்மா அது. ஒங்க ஊரு சனம் ஒருக்கா இதப் பாத்துத்தான் ஓடுச்சு."

"எங்க ஊருன்னா?"

"கீழ் நாட்டுலேர்ந்து ஒரு தலைவரு, நவாபு ஆளுங்களுக்குப் பயந்துக்கினு மேல வந்து ஒளிஞ்சிக்கினாராம். அவரத் தேடிக்கினு அவங்களும் வந்துட்டாங்க. இவரு ஒரு மேட்டுல, அவங்க எதுர் மேட்டுல. நடுவுல ஒரு அழுங்கு உருண்டுச்சு. இவரு, அவங்க குண்டு போட்டாங்கன்னு நெனச்சாரு. அவங்க, இவரு போட்டாருன்னு நெனச்சாங்க. ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் ஓட்டம். காலீல பாத்தா ஒரு ஆளு இல்ல. இவரு மெல்ல எறங்கிப் போயி, நாந்தான் ஜெயிச்சேன்னு சொல்லிக்கினாராம். எங்க பாட்டன் சொல்லும்."

"அந்தத் தலைவரு பேரு?"

"திருமேனியோ பெருமேனியோ. ஒங்க பக்கத்துப் பேருதான்."

செல்வி அப்படியே சமையலறைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு வருடமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வருவது போலச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. டீச்சரம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று சமைக்கிற பெண் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

அன்று வீட்டுக்குப் போய் யாரிடமும் சொல்லவில்லை. எழுதத் தொடங்கினாள். வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில் தினமும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மடியில் பையை வைத்து, எழுதாத பரீட்சைத் தாள் கட்டு ஒன்றை அதன்மேல் வைத்து எழுதுவாள். முதலில் சாதாரணமாகத்தான் எழுதிப் பார்த்தாள். முன்னொரு காலத்தில் ஒரு தலைவர் இருந்தார் என்று ஆரம்பித்தால், இரண்டாவது வரியிலேயே அரங்கநாதனின் மைக் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது. நாலு முறை கிழித்துப் போட்டாள். ஐந்தாவது முறை அழுங்கையே பேச விட்டாள். அதன் பிறகு நிற்கவில்லை. அது இப்படித் தொடங்கியது:

"போர்க்களத்தைக் கண்ணால் கண்டதாகச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அவர்கள் ஒன்று பொய் சொல்கிறார்கள், அல்லது செத்திருக்க வேண்டும். என் கதை வேறு. ஆபத்து என்றால் நான் சுருண்டுகொள்வேன். என் காலத்தில் நடந்த ஏழு போர்களிலும் நான் பார்த்தது என் வயிற்றை மட்டும்தான். ஆனால் போருக்கு முன்னால் யார் யார் எந்தப் புதரில் ஒளிந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் புதர்களில்தான் நான் குடியிருந்தேன்."

பெயரை மட்டும் பெருமேனி என்று மாற்றினாள். மற்ற எதையும் மறைக்கவில்லை. பெருமேனி பேசும்போதெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டு மீசையின் இடது நுனியைத் தடவுவார். பெருமேனியின் மனைவி, எதிரி வாசலில் நிற்கும்போதும் ஊறுகாய் ஜாடியின் மூடியை யார் திறந்தது என்று விசாரணை நடத்துவாள். நெடுங்கால்பட்டில் சின்னப் பிள்ளைகூட இவர்களை அடையாளம் சொல்லும்.

மூன்று வருடத்தில் நாவல் முடிந்தது. டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் ஏழெட்டு வருடம் கிடந்தது. மலை வேலை முடிந்து கீழே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு, தினமும் முழு நேரமும் அந்த வீட்டுக் காற்றையே சுவாசிக்க வேண்டியதானபோது, அதை எடுத்துக்கொண்டு உளுந்தூர்பேட்டையில் அச்சகம் வைத்திருந்த ஜெஸியிடம் போனாள். ஜெஸி தட்டச்சு செய்துகொண்டே சிரித்தாள். "அக்கா, இது ஒங்க வூட்டுக்காரங்க கதையா?"

"எங்க வூட்டுக்காரங்களுக்கு இவ்ளோ சிரிப்பு வராது" என்றாள் செல்வி.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் புத்தகம் வந்தது. 'சுருண்டவன் சரித்திரம்', முந்நூறு பிரதி, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அட்டையில் அவள் பெயர் முழுதாக இருந்தது. நூலகங்கள் சில வாங்கின. மற்றதெல்லாம் ஜெஸியின் அச்சகத்தில் மூட்டையாகக் கிடந்தது. இரண்டு வருடம் நெடுங்கால்பட்டில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியவில்லை.

தெரிந்தது இப்படி. மாவட்டம் பிரிந்து வந்த பிறகு, ஊர் ஊராக வரலாறு சேகரித்து ஒரு தொகுப்பு நூல் போடப் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்தார்கள். அந்தக் குழுவில் இசைவாணி என்று ஓர் இளம் விரிவுரையாளர். பீரங்கியார் வீட்டைத் தேடி வந்தாள். அரங்கநாதன் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குண்டைக் காட்டினார். தொண்டையைச் செருமினார். கதையைச் சொன்னார். அன்றைக்கு எதிரிகள் இரண்டாயிரம்.

இசைவாணி தலையாட்டிக் கேட்டுவிட்டு, "ஆமாங்க ஐயா, படிச்சிருக்கேன். பேரு மட்டும் அதுல பெருமேனி. பஸ்ல படிச்சேன். சிரிச்சு சிரிச்சு எறங்க வேண்டிய எடத்த வுட்டுட்டேன்" என்றாள்.

"புத்தகமா வந்துருக்குதா? எங்க பாட்டனப் பத்தியா?" அரங்கநாதனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. சிரித்தேன் என்ற சொல் அவர் காதில் ஏறவில்லை. "யாரு எழுதுனது?"

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பையிலிருந்து நூலகப் பிரதியை எடுத்து நீட்டினாள். அரங்கநாதன் அட்டையைப் பார்த்தார். உருண்டையாக ஒரு பிராணி. அதன் கீழே தம்பி மனைவியின் பெயர். அந்த நேரம் பார்த்துச் செல்வி மோர் டம்ளர்களோடு வெளியே வந்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அரங்கநாதன் அந்தப் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. வாசலில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு நாள் படித்தார். ஒரு பக்கம் விடவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலை சாப்பாட்டுக்கு உட்காராமல் எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கி ஏரிக்கர கல்லாண்ட வந்து, தப்பு பண்ணிட்டேன்னு ஊரு முன்னால வுழுந்து கும்புடணும். புத்தகத்த எல்லாம் எடுத்துக்கினு வந்து என்னாண்ட குடுத்துடணும்" என்றார். தம்பியைப் பார்த்துத்தான் சொன்னார். அவளைப் பார்க்கவில்லை.

"எந்தப் பக்கம் பொய்யின்னு சொல்லுங்க மாமா, கும்புடறேன்" என்றாள் செல்வி.

"எல்லாமே பொய்யி."

"மீசையத் தடவறதுமா?"

அரங்கநாதனின் இடது கை மீசையிலிருந்து சட்டென்று கீழே இறங்கியது. தங்கமணி குறுக்கே புகுந்தாள். அவளுக்கு முன்னோரைப் பற்றிய கவலை இல்லை. "இருவத்தேழு வருசம் என் கையால சோறு துன்னுட்டு, நான் ஊறுகா மூடிக்கு அடிச்சிக்கினதப் புத்தகத்துல போட்டு ஊருக்குக் காட்டியிருக்குறியே. ஒரு எறும்புத்தின்னிய வுட்டு என்னயப் பத்திப் பேச வச்சியே. நீ நல்லா இருப்பியா?"

"காப்பில சக்கர போடாத கதையும் எழுதியிருக்கலாம்க்கா. எடமில்ல" என்றாள் செல்வி. அவள் குரலில் இரக்கம் கொஞ்சமும் இல்லை. அந்தக் காலை நேரத்துக்காகவே இத்தனை வருடம் காத்திருந்தவள் போல இருந்தாள்.

அன்புச்செல்வன் தூணோரம் நின்றிருந்தான். எல்லோரும் கலைந்த பிறகு மெதுவாக அவளருகே வந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்து அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தாள்.

"நானும் படிச்சேன்" என்றான். "அண்ணன் இருக்குது, அண்ணி இருக்குது. நம்ம எருமகூட இருக்குது. நான் எங்க?"

செல்வி மனதுக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தாள். அவனைப் போல ஒருவன் எங்கேயும் இல்லை. கோபம் வந்தவர்களை எல்லாம் எழுதியிருந்தாள். இவனை எழுத வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரும்புக்குப் போய்விட்டான்.

அந்த மாதமே கூடத்தின் நடுவில் சுவர் எழுந்தது. அடுப்பு இரண்டானது. அன்புச்செல்வன் படுப்பது இந்தப் பக்கம், சாப்பிடுவது அந்தப் பக்கம். ஊரில் செல்விக்கு அழுங்கு என்று பேர் வந்தது. ரேஷன் கடை வரிசையில், "அழுங்கு வருது, யாரும் பேசாதீங்க, நாளைக்கே எழுதிடும்" என்பார்கள். அரங்கநாதனின் மகள் சந்தியாவின் கல்யாணப் பத்திரிகையில் செத்துப் போன கொள்ளுத்தாத்தா பெயர் வரைக்கும் இருந்தது, சித்தி பெயர் இல்லை. சந்தியா சின்ன வயதில் அவள் கையால்தான் தலை பின்னிக்கொண்டவள். அவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், அரங்கநாதனே சுவரைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். உட்காரவில்லை. தொகுப்பு நூல் குழு கடிதம் போட்டிருந்தது. திருமேனி பற்றி அச்சில் வந்த ஆதாரம் ஏதாவது இருந்தால் அனுப்பச் சொல்லி. கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை, ஏரிக்கரைக் கல்லில் ஓர் எழுத்துகூட இல்லை. உலகத்தில் அவர் முன்னோரைப் பற்றி அச்சில் இருந்தது ஒரே ஒரு புத்தகம்.

"அத திருப்பி எழுது" என்றார். "அந்தப் பிராணிய மட்டும் எடுத்துடு. ஒரு மனுசன் சொல்ற மாதிரி வையி. ஒரு புலவரு. இல்லன்னா குதுர. குதுரன்னா கௌரவமா இருக்கும்."

"அழுங்க எடுத்துட்டா மிச்சம் இருக்கறதெல்லாம் ஓடிப்போன ஆம்பளைங்கதான் மாமா. அவங்கள வச்சிக்கினு குதுர இன்னா சொல்லும்?"

"குடும்பத்து மானம் இது."

"பத்திரிகைல பேரு போடறப்ப நான் எந்தக் குடும்பம்னு கேட்டிருக்கணும்."

அரங்கநாதன் வாசல்படியில் காறித் துப்பிவிட்டுப் போனார். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. செல்வி தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

தொகுப்பு நூல் சென்ற வருடம் வந்தது. இசைவாணி இரண்டு பக்கத்துக் கதையையும் போட்டிருந்தாள். கீழே குடும்பத்தார் சொல்வது இப்படி, மேலே மலையில் சொல்வது இப்படி என்று. மலைக் கதைக்கு ஆதாரமாகச் செல்வியின் பெயரையும் புத்தகத்தையும் காட்டியிருந்தாள். அரங்கநாதன் கையில் கிடைத்த பிரதிகளிலெல்லாம் மலைக் கதை வரும் ஆறு வரியைக் கறுப்பு மார்க்கரால் அடித்தார்.

வெற்றி பெற்றவள் போல ஒரு வாரம்தான் இருந்தாள் செல்வி. எட்டாம் நாள் சடையன் மலையிலிருந்து இறங்கி வந்தார். வயதாகிவிட்டது, கோல் ஊன்றி வந்தார். இரண்டு புத்தகத்தையும் பேரன் படித்துக் காட்டினானாம். தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை.

"எங்க கதய எடுத்துக்கினு வந்து ஒன் பேரப் போட்டுக்கினியே டீச்சரம்மா. அந்தக் கவருமெண்டு புத்தகத்துலயும் ஒன் பேருதான் இருக்குது. பீரங்கிக்காரங்க எங்க மேட்டுல நடந்தத தங்க ஜெயம்னாங்க. நீ எங்க அழுங்க ஒன்னுதுன்னுட்ட. ரெண்டும் ஒண்ணுதான்."

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. தங்கமணி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. செல்வி குரலைத் தாழ்த்தவில்லை.

"தப்புதான் பெரியவரே" என்றாள்.

அவர் சமாதானமாகவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார். மறுநாளே செல்வி உளுந்தூர்பேட்டைக்குப் போனாள். இசைவாணிக்குக் கடிதம் எழுதிப் போட்டாள். ஜெஸியிடம் சின்னச் சீட்டுகள் அடிக்கச் சொன்னாள். 'இந்தக் கதையைச் சொன்னவர் கல்வராயன் மலைச் சடையன். அவருக்குச் சொன்னவர் அவர் பாட்டன்' என்று அதில் இருந்தது. மிச்சமிருந்த மூட்டையை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் பாய் விரித்து, கோதுமைப் பசை காய்ச்சி, முதல் பக்கத்தில் ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கினாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தங்கமணியின் குரல், யாருக்கோ சொல்வது போல வந்தது. "எறும்பு தீந்துபோச்சு போல. இப்ப பச துன்னுது."

செல்வி அடுத்த சீட்டில் பசை தடவினாள். வெயில் ஏறியது. அன்புச்செல்வன் கரும்பிலிருந்து திரும்பி வந்தவன், கை கால் கழுவிக்கொண்டு, வழக்கம் போல அண்ணன் பக்கம் சாப்பிடப் போகத் திரும்பினான். போகவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒட்டிய பிரதிகளைப் பசை காய்வதற்காக வெயிலில் விரித்து வைக்க ஆரம்பித்தான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"இன்னும் எத்தினி?" என்று மட்டும் கேட்டான்.

"நூத்தி நாப்பது இருக்கும்" என்றாள்.